தலையை வாலாக்கிய கணித ஆசிரியர்

தலையை வாலாக்க முடியுமா? ஆங்கிலத்தில் முடியும். தலைக்கு அங்கே நான்கு எழுத்து: எச், ஈ, ஏ, டீ. வாலுக்கும் நான்கு எழுத்துத்தான்: ரீ, ஏ, ஐ, எல். ஒரு தடவையில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றலாம். எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கக் கூடாது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கையில் இருப்பது அகராதியிலுள்ள உண்மையான சொல்லாக இருக்க வேண்டும். இப்படியே படிப்படியாக ஏறித் தலையிலிருந்து வாலுக்குப் போய்ச் சேர வேண்டும்.

தமிழில் ஒரு சிறிய உதாரணம் தருகிறேன். கல்லை மண்ணாக்க வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். கல், கண், மண். இடையில் ஒரு சொல் போதும். பாலை நெய்யாக்குவதும் இலகுதான்: பால், பாய், நெய். எங்கள் வீடுகளில் பாலிலிருந்து நெய் எடுக்க இதைவிட எவ்வளவோ நேரம் ஆகும்!

ஒரு பென்சிலை எடுத்து ஆங்கிலப் புதிரை முயன்று பாருங்கள். விடை பின்னால் வரும். அதற்கிடையில் இந்தப் புதிரைப் போட்டவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் இங்கிலாந்தில் ஒரு கல்லூரி ஆசிரியர். பெயர் சார்ள்ஸ் லுட்விட்ஜ் டொட்ஜ்சன். இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்களுக்கும் அவரது மற்றப் பெயர் தெரிந்திருக்கும். அதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன், ஏனென்றால் அதுவே ஒரு புதிர்.

1832 ஜனவரி 27இல் செஷயர் பிரதேசத்தில் டேர்ஸ்பரி என்ற கிராமத்தில் அவர் பிறந்தார். தகப்பனார் ஒரு கிறிஸ்தவ மதகுரு. பதினொரு பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் டொட்ஜ்சன் மூன்றாமவர், ஆண்பிள்ளைகளில் மூத்தவர். சகோதரிகள் மட்டும் ஏழு பேர். அவருக்குப் பதினொரு வயதானபோது குடும்பம் வடக்கே குரொஃப்ட் என்ற ஊருக்குப் போனது. அங்கே தம்பி தங்கைகளைச் சும்மா இருக்கவிடாமல் வைத்திருப்பது அவரது வேலை. அதற்காக வீட்டுக்குள்ளேயே கையெழுத்துச் சஞ்சிகைகள் நடத்தினார். கதை, கவிதை, படம் எல்லாம் போட்டார். ஆரம்பத்தில் மற்றவர்களும் எழுதுவார்கள், போகப் போக ஆசிரியரே எல்லாப் பக்கத்தையும் நிரப்புவார். வகுப்பில் கையெழுத்துச் சஞ்சிகை செய்து பார்த்த எவருக்கும் இது புதினமாக இருக்காது.

பேச்சில் அவருக்குத் திக்கல் இருந்தது. சிறு வயதில் வந்த நோயால் வலது காதும் கேளாமல் போனது. ரக்பி என்ற புகழ்பெற்ற பாடசாலையில் விடுதியில் தங்கிப் படித்தார். கணிதத்தில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தாலும், அந்த வருடங்களை அவர் பிற்காலத்தில் விருப்பத்தோடு நினைத்ததில்லை. 1851 ஜனவரியில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் தங்கிப் படிக்கப் போனார். போய் இரண்டே நாளில் தாயார் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது நிறையும் தறுவாய். என்னைவிட இரண்டு வயதுதான் கூட.

திரும்பி வந்து படித்தார். 1854இல் கணிதத்தில் முதல் வகுப்பில் சித்தியடைந்தார். 1855இல் அதே கல்லூரியில் கணித விரிவுரையாளரானார், 1881 வரை அந்தப் பதவியில் இருந்தார். வேலையை விட்ட பிறகும் அந்தக் கல்லூரியிலேயே வசித்தார். ஆக நாற்பத்தேழு வருடங்கள் ஒரே கல்லூரி. அவர் நல்ல விரிவுரையாளரா என்று கேட்டால், பையன்கள் பலருக்கு அவரது வகுப்பு சப்பென்றே இருந்திருக்கிறது. கணிதம் பிடிக்காமல் வந்து அமர்ந்திருக்கும் இளைஞர்கள் முன்னால் அவர் உலர்ந்துபோவார். புதிர் ஒன்றைக் கையில் எடுத்துவிட்டால் ஆள் வேறு.

இப்போது அந்தப் பெயருக்கு வருவோம். 1856இல் எட்மண்ட் யேட்ஸ் என்பவர் நடத்திய சஞ்சிகைக்கு டொட்ஜ்சன் ஒரு கவிதை கொடுத்தார். புனைபெயர் வேண்டும் என்றார் யேட்ஸ். டொட்ஜ்சன் நான்கு பெயர்களை அனுப்பினார். அவற்றில் இரண்டு, சார்ள்ஸ் லுட்விட்ஜ் என்பதிலுள்ள எழுத்துகளைக் கலைத்துப் போட்டு உருவாக்கியவை. மற்ற இரண்டும் வேறு விதம். சார்ள்ஸ் என்பதை இலத்தீன் மொழிக்கு மாற்றினால் கரோலஸ். லுட்விட்ஜ் என்பதை மாற்றினால் லுடோவிக்கஸ். இரண்டையும் முன்பின்னாகத் திருப்பி மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தால்? லூயிஸ் கரோல். யேட்ஸ் அதைத்தான் தெரிவு செய்தார். ஒருவர் தன் பெயரையே இப்படிப் புதிராக்கி அதற்குள் ஒளிந்துகொண்டதை வேறெங்கும் நான் வாசித்ததில்லை.

லூயிஸ் கரோலின் அலிஸ் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்கிறேன். 1862 ஜூலை 4ஆம் திகதி கல்லூரித் தலைவரின் மூன்று மகள்மாரோடும் ஒரு நண்பரோடும் அவர் தேம்ஸ் நதியில் படகு வலித்துப் போனார். வழியில் ஒரு கதை சொன்னார். நடுப் பிள்ளை, பத்து வயது அலிஸ் லிடல், அதை எழுதித் தரச் சொல்லிக் கேட்டாள். கையால் எழுதிப் படமும் வரைந்து கொடுத்தார். 1865இல் அது அச்சுப் புத்தகமானது. முதலில் அச்சடித்த 2000 பிரதிகளில் படங்கள் சரியாக விழவில்லை என்று ஓவியர் டெனியல் குறை சொன்னதால் அவ்வளவையும் திருப்பி எடுத்து மறுபடி அச்சிட்டார்கள். 1871இல் இரண்டாம் பாகம் வந்தது. அதன் இறுதியில் இருபத்தொரு வரிக் கவிதை ஒன்று உண்டு. ஒவ்வொரு வரியின் முதலெழுத்தையும் மேலிருந்து கீழாகக் கூட்டினால் அந்தச் சிறுமியின் முழுப்பெயர் வரும். எமது மொழியிலும் சித்திரகவி, மாலைமாற்று என்று இந்த வித்தைகள் பழைய காலத்திலேயே இருந்தன. நாம் அவற்றைப் பரீட்சைக்கு ஒரு வரைவிலக்கணமாகப் பாடமாக்கிவிட்டு மறந்துவிடுகிறோம்.

விக்டோரியா மகாராணி அலிஸ் கதையை விரும்பி வாசித்து, அவரது அடுத்த புத்தகத்தையும் அனுப்பச் சொன்னாராம், அவர் ஒரு கணித நூலை அனுப்பிவைத்தாராம் என்று ஒரு கதை உலாவுகிறது. நல்ல பகிடிதான். ஆனால் அது நடக்கவில்லை என்று அவரே அச்சில் மறுத்திருக்கிறார்.

அந்த முதல் புத்தகத்தில் தேநீர் விருந்து ஒன்று வரும். பைத்தியக்காரத் தொப்பி வியாபாரி அங்கே அலிஸிடம் ஒரு விடுகதை போடுகிறான்: அண்டங்காகமும் எழுதுமேசையும் எந்த விதத்தில் ஒன்று? அலிஸ் யோசிக்கிறாள், யாருக்கும் விடை தெரியவில்லை. கேட்டவனுக்கும் தெரியாது! வாசகர்கள் விடவில்லை. விடை என்ன என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இது எப்படி முடிந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

1877 நத்தார் காலத்தில் இரண்டு சகோதரிகள் அவரிடம் வந்து பொழுது போகவில்லை என்றார்கள். ஜூலியா ஆர்னோல்ட், எதெல் ஆர்னோல்ட் என்பது அவர்களின் பெயர். டொட்ஜ்சன் படித்த ரக்பி பாடசாலையின் பேர்பெற்ற அதிபராக இருந்த தோமஸ் ஆர்னோல்டின் பேத்திகள். அவர்களுக்காக இவர் கண்டுபிடித்ததுதான் முதலில் சொன்ன விளையாட்டு. அதற்கு டப்லட்ஸ் என்று பெயர் வைத்தார்.

தலை வாலாகும் விடை இதுதான். ஹெட் என்பதன் கடைசி டீயை எல் ஆக்கினால் ஹீல், அதாவது குணமாதல். முதலெழுத்தை ரீ ஆக்கினால் ரீல், அது ஒரு வகைச் சிறிய வாத்து. மூன்றாம் எழுத்தை எல் ஆக்கினால் ரெல், சொல்லுதல். இரண்டாம் எழுத்தை ஏ ஆக்கினால் ரோல், உயரமான. மூன்றாம் எழுத்தை ஐ ஆக்கினால் ரெயில், வால். இடையில் நான்கு சொற்கள். எவ்வளவு குறைந்த சொற்களில் போய்ச் சேருகிறோமோ அவ்வளவு புள்ளி கூட.

1879 மார்ச்சில் வனிட்டி ஃபெயர் என்ற லண்டன் சஞ்சிகை இதைப் போட்டியாக வெளியிடத் தொடங்கியது. அந்த வருடமே சிறு புத்தகமாகவும் வந்தது. கோதுமையை ரொட்டியாக்கு, கறுப்பை வெள்ளையாக்கு என்றெல்லாம் புதிர்கள். குரங்கை மனிதனாக்கு என்றும் ஒன்று. டார்வினின் நூல்களால் இங்கிலாந்து முழுவதும் வாதம் நடந்துகொண்டிருந்த காலம் அது. டொட்ஜ்சன் இடையில் ஐந்தே சொற்களை வைத்து வேலையை முடித்துவிட்டார்.

போட்டிக்காரர்கள் அகராதியின் மூலை முடுக்கெல்லாம் தேடி எவரும் கேட்டிராத சொற்களை எழுதத் தொடங்கினார்கள். அதனால் எந்தெந்தச் சொல் செல்லும் என்று ஒரு பட்டியலையே அவர் தயாரித்துப் புத்தகத்தில் சேர்த்தார். விளையாட்டுத்தானே என்று விட்டுவிட அவரால் முடியாது. எதற்கும் ஒழுங்கு வேண்டும். அனுப்பும், பெறும் கடிதங்களுக்கெல்லாம் இலக்கமிட்டுப் பதிவேடு வைத்திருந்தார், கடைசி இலக்கம் 98,721. அவற்றில் பல, பிள்ளைகளுக்கு எழுதிய புதிர்க் கடிதங்கள். சிலவற்றைக் கண்ணாடி முன் பிடித்துத்தான் வாசிக்க முடியும்.

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது.

உயர்தரத்தில் நான் எடுத்திருக்கும் பாடங்களில் ஒன்று அளவையியலும் விஞ்ஞான முறையும். அதில் நியாயத்தொடைகளைச் சோதிக்க வென் வரைபடம் போடுகிறோம். வட்டங்களுக்குப் பதிலாகச் சதுரத்தைக் கட்டங்களாகப் பிரித்துச் சோதிக்கும் இன்னொரு முறையும் உண்டு. அதைக் கண்டுபிடித்தவர் டொட்ஜ்சன். அதையும் அவர் விளையாட்டாகவே ஆக்கினார். ஓர் அட்டை, ஒன்பது வில்லைகள். நான்கு சிவப்பு, ஐந்து சாம்பல். ஒரு கட்டத்தில் ஏதாவது இருந்தால் சிவப்பு வில்லை, ஒன்றுமே இல்லை என்றால் சாம்பல் வில்லை. வில்லைகளை வைத்து முடித்ததும் முடிவு கண்முன்னே நிற்கும். எங்கள் பயிற்சி வினாக்களில் எப்போதும் எல்லா மனிதரும் இறப்பவர்கள்தான். அவருடைய வினாக்களில் முதலைகளும் கைக்குழந்தைகளும் வருகின்றன. சிரித்துக்கொண்டே செய்து முடித்த பிறகுதான், செய்தது கடினமான கணக்கு என்று தெரியவரும்.

இந்த அட்டையை எடுத்துக்கொண்டு 1880களின் பிற்பகுதியில் அவர் பெண்களுக்குக் கற்பிக்கப் போனார். ஒக்ஸ்போர்ட் மகளிர் உயர்பாடசாலையிலும், லேடி மார்கிரட் ஹோல் என்ற மகளிர் கல்லூரியிலும் அளவையியல் வகுப்பு எடுத்தார். பையன்களிடம் உலர்ந்துபோன அதே ஆசிரியர் இங்கே வேறொருவராக இருந்தார். அந்த உயர்பாடசாலையில் படித்த எதெல் ரோவெல் என்பவர் பல வருடங்களுக்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு நினைவுக் கட்டுரை எழுதினார். தன்னைத் தானாகவே சிந்திக்கும்படி அவர் வற்புறுத்தியதையும், அதனால் தனக்கே தன்மீது ஒரு மதிப்பு வந்ததையும் அதில் சொல்லியிருக்கிறார். நீ சிறுமி, உனக்கு இது போதும் என்று ஒரு படி கீழே இறங்கி அவர் பேசவில்லை. புரியும்வரை காத்திருந்தார்.

அப்படிப்பட்ட ஒருவர்தான் 1896இல் ஒரு துண்டுப்பிரசுரம் எழுதினார்.

அந்த வருடம் ஒக்ஸ்போர்டில் பெண்களுக்குப் பட்டம் கொடுப்பதா இல்லையா என்று பெரிய விவாதம். பெண்கள் விரிவுரைகளுக்கு வந்தார்கள், பரீட்சை எழுதினார்கள், சித்தியடைந்தார்கள். பட்டம் மட்டும் இல்லை. டொட்ஜ்சன் பெண்கள் ஒக்ஸ்போர்டில் தங்கிப் படிக்கும் மாணவர்களாவதை எதிர்த்தார். அவர்களின் தொகை பெருகினால் பல்கலைக்கழகம் தாங்காது, பெண்களுக்கெனத் தனியான பல்கலைக்கழகம் அமைப்பதே நல்லது என்பது அவரது வாதம். பட்டம் கொடுக்கும் யோசனை அந்த வருடம் தோற்றது. ஒக்ஸ்போர்ட் பெண்களுக்குப் பட்டம் வழங்கியது 1920இல்தான்.

இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். பெண்களுக்குத் தனி இடம் என்று அவர் சொன்னதில் மட்டும் பிழை காண என்னால் முடியவில்லை. நானே ஒரு மகளிர் கல்லூரியில் படிக்கிறேன். கூட்டத்தில் எழுந்து பேசவும், விஞ்ஞானக் கண்காட்சியில் தலைமை தாங்கவும் நான் பழகியது இங்கேதான். ஆனால் 1896இல் அந்தத் தனிப் பல்கலைக்கழகம் எங்கே இருந்தது? அது காகிதத்தில் மட்டுமே இருந்த யோசனை. பரீட்சை எழுதி முடித்த பெண்களோ உயிரோடு நின்றார்கள். இன்னொரு நாள், இன்னோர் இடத்தில் என்று சொன்னால் அன்றைக்கு அவர்களுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.

அவரது முறையிலேயே இதைச் சோதித்துப் பார்த்தேன். பரீட்சையில் சித்தியடைந்தவர்கள் அனைவரும் பட்டத்துக்குத் தகுதியானவர்கள். இந்தப் பெண்களில் சிலர் பரீட்சையில் சித்தியடைந்தவர்கள். அட்டையை வரைந்து, சிவப்புக்கும் சாம்பலுக்கும் இரண்டு நிறப் பொத்தான்களை எடுத்து வைத்தேன். இந்தப் பெண்களில் சிலர் பட்டத்துக்குத் தகுதியானவர்கள் என்ற கட்டத்தில் சிவப்புப் பொத்தான் வந்து அமர்ந்தது. அதை வேறெங்கும் தள்ளி வைக்க முடியாது. முதலாவது எடுகூற்றை அவர் ஏற்றிருக்கமாட்டார் என்று எங்களில் யாராவது வாதாடலாம். பையன்கள் விஷயத்தில் அதை ஏற்றுத்தானே நாற்பத்தேழு வருடம் அந்தக் கல்லூரியில் இருந்தார்? தர்க்கத்தைப் பெண்களின் கையில் கொடுத்தவர், அது இழுத்துச் செல்லும் இடத்துக்குத் தான் போகவில்லை. அதனால் அவரை நான் வெறுக்கவில்லை. அந்த அட்டையைத் தந்தவரும் அவர்தானே.

அதே 1896இன் இறுதியில்தான் அண்டங்காக விடுகதைக்கும் அவர் பதில் எழுதினார். அலிஸ் கதையின் புதிய பதிப்புக்கு ஒரு முன்னுரை எழுதி, உண்மையில் விடுகதை போடும்போது விடை எதுவும் நினைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, பிறகு தோன்றிய ஒன்றைச் சொன்னார். அதன் முதற் பாதி, குறிப்பு என்றும் இசைச் சுரம் என்றும் இரு பொருள் தரும் ஓர் ஆங்கிலச் சொல்லை வைத்து ஆடிய சிலேடை. இரண்டாம் பாதியில், அதை ஒருபோதும் பின்பக்கத்தை முன்னால் வைத்துத் திருப்பி வைப்பதில்லை என்றார். ஒருபோதும் என்பதற்கான ஆங்கிலச் சொல்லை வேண்டுமென்றே பிழையாக எழுதினார்: என், ஈ, வீ, ஏ, ஆர். இதைப் பின்னாலிருந்து வாசியுங்கள். ஆர், ஏ, வீ, ஈ, என். அண்டங்காகம்!

அச்சுக்குப் போன இடத்தில் யாரோ அதை எழுத்துப்பிழை என்று எண்ணித் திருத்திவிட்டார்கள். நடுவிலிருந்த ஏ போய் ஈ வந்தது. சொல் சரியானது, புதிர் செத்துப்போனது. ஓர் எழுத்தை மாற்றியே ஒன்றை இன்னொன்றாக்கி வாழ்நாளெல்லாம் விளையாடியவருக்கு ஓர் எழுத்து மாற்றத்தால் வந்த வினை! 1898 ஜனவரி 14இல், அறுபத்தாறு வயதாக இரண்டு கிழமை இருக்கும்போது, கில்ட்ஃபோர்டில் சகோதரிகளின் வீட்டில் நெஞ்சுச் சளி நோயால் அவர் இறந்தார். பழைய அச்சுப் பிரதி ஒன்றைப் பார்த்து டெனிஸ் குரச் என்பவர் அந்தத் திருத்தத்தைக் கண்டுபிடித்தது 1976இல். அதுவரை வாசகர்கள் பாதி விடையை வைத்துக்கொண்டு இதில் என்ன இருக்கிறது என்று விழித்திருப்பார்கள்.

டப்லட்ஸ் விளையாட்டு அவரோடு போகவில்லை. 1970இல் ஜோன் மேனார்ட் ஸ்மித் என்ற உயிரியலாளர், புரதங்கள் எவ்வாறு சிறிது சிறிதாக மாறுகின்றன என்று விளக்க இதையே எடுத்தார். சொல் என்பதற்கான நான்கு எழுத்து ஆங்கிலச் சொல்லை ஒவ்வோர் எழுத்தாக மாற்றிப் பரம்பரையலகு என்பதற்கான சொல்லுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். இடையிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் இருப்பதுபோல, இடையிலுள்ள ஒவ்வொரு புரதமும் வேலை செய்ய வேண்டும் என்பது அவர் சொல்ல வந்தது. கணினி அறிஞர் டொனால்ட் கனூத் ஐந்து எழுத்து ஆங்கிலச் சொற்கள் 5757ஐக் கணினியில் இட்டுப் பார்த்தார். 671 சொற்களுக்கு அயல் சொல்லே இல்லை, ஓர் எழுத்தை மாற்றினால் எங்கும் போக முடியாது. அப்படித் தனித்து நிற்கும் சொற்களில் ஒன்று அலூஃப். அதன் பொருளே விலகித் தனித்து நிற்பதுதான்.

பொழுது போகவில்லை என்று வந்த அந்த இரண்டு பெண்பிள்ளைகள்? எதெல் பத்திரிகையாளராகி, பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்று மேடைகளில் பேசினார். ஜூலியா ஒக்ஸ்போர்டின் சமர்வில் மகளிர் கல்லூரியில் படித்தார். 1902இல் சரே பிரதேசத்தில் பிரையர்ஸ் ஃபீல்ட் என்ற மகளிர் பாடசாலையைத் தொடங்கி அதன் அதிபரானார்.

வாசகர்களுக்கு ஒரு புதிர் வைத்துவிட்டு விடைபெறுகிறேன். கடலைப் படகாக்குங்கள். உயிர்மெய்யை ஓர் எழுத்தாகவே கணக்கிடவும். எனக்கு இடையில் இரண்டு சொற்கள் தேவைப்பட்டன. ஒன்றோடு முடிப்பவர்கள் வகுப்புக்கு வந்து சொல்லலாம்.